விளக்கு அணைவதற்குள்: ஃபேன்டசி ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு விதி எழுதுவது எப்படி

"நான் ஓடிப்போய் அந்தப் பக்கம் தாவுறேன்" என்கிறார், ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டின் மேசையில் ஒருவர். பாலம் பாதி இடிந்து தொங்குகிறது என்று, கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர் இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். மேசையைச் சுற்றி ஒரு நொடி அமைதி. தாவ முடியுமா, முடியாதா? அதை யார் சொல்வது? முடியவில்லை என்றால் என்ன ஆகும்? விதிப்புத்தகம் 300 பக்கம் இருந்தாலும் 4 பக்கம் இருந்தாலும், அது எழுதப்படுவது இந்த ஒரு நொடிக்காகத்தான்.

முதல்முறை விதி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இந்த நொடியிலிருந்து தொடங்குவதில்லை. உலக வரைபடம், பன்னிரண்டு இனங்கள், நாற்பது ஆயுதங்கள் என்று தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆயுதப் பட்டியல் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மேசையில் யாரும் கேட்காத கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது புரிய எனக்கு இரண்டு நோட்டுப் புத்தகங்கள் தேவைப்பட்டன.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரு சின்ன விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதை அடித்துத் திருத்தி உருவாக்கும் வழியிலேயே இந்த வழிகாட்டி போகும். நாலு பேர், ஒரு பழைய சுரங்கம், ஒரே ஒரு விளக்கு. அவ்வளவுதான் நம் கைச்சரக்கு.

படி 1: விளையாட்டு எதைப் பற்றியது?

ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "மாயாஜால உலகத்தில் சாகசம்" என்பது செல்லாது. அது அட்டைப்படத்துக்கான வாசகம். நம் விளையாட்டுக்கு நான் எழுதிய வாக்கியம் இது: எண்ணெய் தீர்வதற்குள், எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவிட்டு மேலே வருவது? கேள்வியாக இருப்பது நல்லது. விளையாடுபவர்கள் திரும்பத் திரும்ப முடிவெடுக்க வேண்டிய விஷயம் அதில் இருக்க வேண்டும்.

விதிகள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றனவோ, விளையாட்டு அதைப் பற்றியதாகத்தான் மாறும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் & டிராகன்ஸ், சின்னப் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து முளைத்தது; 1971இல் வந்த செயின்மெயில் என்ற போர் விதிகள்தான் அதன் தாய்வீடு. அதனால் கவசம், தூரம், காயம் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. எதிரே வருபவன் பேச வருகிறானா, அடிக்க வருகிறானா என்பதற்கு இரண்டு பகடையில் பார்க்கும் ஒரு சின்ன அட்டவணை. இதற்கு நேர்மாறாக 1981இல் வந்த கால் ஆஃப் துலூ என்ற திகில் விளையாட்டு, கதாபாத்திரத்தின் மனநிலைக்கே ஒரு எண் கொடுத்து, பயங்கரங்களைப் பார்க்கப் பார்க்க அதைக் குறைத்துக்கொண்டே போனது. அந்த ஒரு எண் இருப்பதாலேயே கதவைத் திறக்க ஆட்கள் தயங்கினார்கள். "பயப்படுங்கள்" என்று புத்தகத்தில் எழுதித் தயங்க வைக்க முடியாது.

படி 2: எதற்கு விதி வேண்டாம்?

ஒரு தாளில் உங்கள் விளையாட்டில் நடக்கக்கூடிய இருபது காரியங்களை எழுதுங்கள்: கயிற்றில் இறங்குவது, காவலாளியை ஏமாற்றுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, சமைப்பது, குதிரை வாங்குவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: இதைப் பேசியே முடித்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அடித்துவிடுங்கள். ஆட்கள் கருத்து வேறுபடப்போகும் இடம், விளைவு யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டிய இடம், கேம் மாஸ்டர் முடிவு சொன்னால் பாரபட்சம் என்று தோன்றும் இடம், இந்த மூன்றுக்கும்தான் விதி தேவை. என் இருபதில் ஆறுதான் மிஞ்சின. குதிரை போய்விட்டது. சுரங்கத்துக்குள் குதிரை எதற்கு என்று அதுவரை நான் யோசித்திருக்கவே இல்லை.

படி 3: மைய விதியை நாலு விதமாக எழுதிப் பாருங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது. நம் விளையாட்டின் உயிர் விளக்கில் இருக்கிறது. விளக்கு எப்படித் தீரும்? இதே கேள்விக்கு மற்ற விளையாட்டுகளில் ஏற்கெனவே வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் மேசையில் வேறுவேறு மாதிரி நடக்கும்.

பழைய டன்ஜன்ஸ் & டிராகன்ஸில் காலம் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் போகும். ஒரு தீப்பந்தம் ஆறு துண்டுக்கு எரியும், அதாவது கதைக்குள் ஒரு மணி நேரம். கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாராவது ஒருவர் தாளில் கோடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் அந்த ஆள் கோடு போட மறப்பார். விளக்கு மிகவும் முக்கியமான நேரம் பார்த்துத்தான் அது மறந்துபோகும்.

2016இல் வந்த தி பிளாக் ஹேக் வேறு வழி பிடித்தது. எண்ணெய்க்கு ஒரு பகடை. அவ்வப்போது உருட்டுவீர்கள், 1 அல்லது 2 விழுந்தால் அடுத்த சின்னப் பகடைக்கு இறங்குவீர்கள், 8 முகத்திலிருந்து 6, 6இலிருந்து 4. 4 முகப் பகடையிலும் 1 அல்லது 2 விழுந்தால் தீர்ந்தது. கணக்கு அழகானது: n முகப் பகடை சராசரியாக n/2 தடவை தாங்கும். 8 முகத்தில் தொடங்கினால் 4 + 3 + 2, ஆக 9 உருட்டல். கோடு போடும் வேலை போய்விட்டது. பதிலுக்கு, எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பதற்றம் வேண்டுமென்றால் இது நல்ல விதி. திட்டமிடல் வேண்டுமென்றால் கெட்ட விதி.

2023இல் வந்த ஷேடோடார்க் இன்னும் துணிச்சல்: தீப்பந்தம் நிஜமான ஒரு மணி நேரம் எரியும். டைமர் வைத்துவிட வேண்டியதுதான். வெட்டிப் பேச்சு சட்டென்று குறையும். ஆனால் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போனாலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. சிலருக்கு அதுவே சுவை, சிலருக்கு எரிச்சல்.

நான்காவது, நான் எடுத்த வழி. ஒரு கிண்ணத்தில் 12 கண்ணாடி மணி. புதிதாக ஓர் அறைக்குள் போனால் ஒரு மணியை வெளியே எடுத்து வை. எல்லோர் கண் முன்னாலும் கிண்ணம் காலியாகிறது. கோடு போட ஆள் வேண்டாம், டைமர் வேண்டாம், எண்ணிப் பார்த்துச் சண்டை போட்டுக்கொள்ளலாம்: "இன்னும் அஞ்சுதான் இருக்கு, திரும்பிடலாம்." "அந்தக் கதவை மட்டும் பார்த்துட்டுப் போயிடலாம்." என் ஒரு வாக்கியக் கேள்வியை நான் எழுதிக் கொடுக்காமலே அவர்கள் வாயால் கேட்ட நாளில்தான் இந்த விதி நிலைத்தது.

நாலில் எது சிறந்தது என்பது வீண் கேள்வி. உங்கள் மைய விதிக்கும் இப்படி மூன்று நாலு வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் அரை மணி நேரமாவது ஆடிப் பாருங்கள். முதலில் தோன்றியது பெரும்பாலும் நீங்கள் எங்கோ ஆடிய விளையாட்டின் நினைவாகத்தான் இருக்கும்.

படி 4: பகடையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு கணக்குப் போடுங்கள்

20 முகப் பகடை ஒன்று என்றால் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, தலா 5 சதவீதம். +1 கொடுத்தால் எப்போதும் 5 சதவீதம்தான் ஏறும். விளக்கவும் எளிது, கேம் மாஸ்டர் மனதிலேயே கணக்குப் போடவும் எளிது. ஆனால் ஊருக்கே பெரிய வீரன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலிடறி விழுவான். 1 விழுவதும் 20 விழுவதும் 10 விழுவதைப் போலவே சகஜம்.

6 முகப் பகடை மூன்று என்றால் 216 சேர்க்கைகள். 10, 11 இரண்டும் தலா 12.5 சதவீதம், 18 வருவதோ 216இல் ஒரே ஒரு தடவை. எல்லாம் நடுவில் குவியும். தேர்ந்தவன் தேர்ந்தவனாகவே தெரிவான். இங்கே +1இன் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதைக் கவனியுங்கள். 10 அல்லது அதற்குக் குறைவாக விழ 50 சதவீதம். 11 என்றால் 62.5, 12 என்றால் 74. நடுவில் ஒரு புள்ளிக்கு 12 சதவீதம் எகிறுகிறது, ஓரத்தில் ஒன்றுமே நகராது. மூன்று பொருட்களிலிருந்து தலா +1 சேர்க்க விட்டுவிட்டால் விளையாட்டு அங்கேயே படுத்துவிடும்.

டன்ஜன்ஸ் & டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு (2014) சின்னச் சின்னக் கூட்டல்களில் பலவற்றை ஒழித்துவிட்டு, "இரண்டு பகடை உருட்டு, பெரியதை எடு" என்ற ஒரே சலுகையை வைத்தது. 11 தேவைப்படும் இடத்தில் 50 சதவீதம் 75 ஆகிறது. 20 தேவைப்படும் இடத்தில் 5 சதவீதம் 9.75 ஆகிறது. வாய்ப்பு பாதிப்பாதியாக இருக்கும்போது கை கொடுக்கும், ஓரங்களில் அடக்கி வாசிக்கும். அதைவிட முக்கியம், யாரும் எதையும் கூட்ட வேண்டியதில்லை.

2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் வேறொரு கதவைத் திறந்தது. 6 முகப் பகடை இரண்டு. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் குறைவு என்றால் கேம் மாஸ்டர் கை ஓங்கும். +1 உள்ளவருக்கு இந்த நடுப்பகுதி 44 சதவீதம். அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் "ஆமாம், ஆனால்..." என்ற பதில்தான் வரும். எனக்கு அந்த "ஆனால்" தேவைப்பட்டது, ஏனென்றால் என்னிடம் ஒரு கிண்ணம் இருக்கிறது. 7 முதல் 9 வரை விழுந்தால், காரியம் நடக்கும், ஒரு மணி போகும். மையத்தில் இருந்த இரண்டு விதிகள் அங்கே ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. தனித்தனி விதிகளாக எழுதிக் குவிப்பதைவிட, ஒன்றின் விளைவு இன்னொன்றின் தீனியாகும்படி பார்த்துக்கொள்வது மேல்.

பகடை விஷயத்தில் இன்னொரு குழி. வாய்ப்பைப் பற்றி யோசிப்பவர்கள் எத்தனை தடவை உருட்டுகிறோம் என்பதை மறந்துவிடுவார்கள். சத்தமில்லாமல் பதுங்கிப் போக ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு. நல்ல எண் போலத் தெரிகிறது. நாலு பேரும் உருட்டி, ஒருவர் தவறினாலும் காவலாளி விழித்துக்கொள்வான் என்றால்? 0.7ஐ நாலு தடவை பெருக்குங்கள்: 24 சதவீதம். நாலில் மூன்று முறை மாட்டிக்கொள்ளும் "பதுங்கல்" அது. "பாதிப் பேர் ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்தது" என்று ஒரு வரி சேர்த்தால் அதே 70 சதவீதம் 92 ஆகிவிடுகிறது. பகடையைத் தொடவில்லை, திறமை எண்ணைத் தொடவில்லை. உங்கள் விளையாட்டில் யாரும் பதுங்கிப் போக விரும்புவதில்லை என்றால், ஆட்களைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தோல்விக்கு என்ன பொருள் என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். "பூட்டு திறக்கலை." "சரி, இன்னொரு தடவை உருட்டுறேன்." இந்த உரையாடல் உங்கள் மேசையில் கேட்டால், அந்த உருட்டலே தேவையில்லாதது.

படி 5: கேரக்டர் ஷீட்

ஒரு கதாபாத்திரத்தின் விவரங்களை எழுதி வைக்கும் தாள் இது. மைய விதியும் பகடையும் முடிவான பிறகுதான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. பலர் இதைத்தான் முதலில் செய்வார்கள். ஷீட்டில் ஒரு கட்டம் போட்டால், அதைத் தொடும் விதி குறைந்தது ஒன்றாவது அடிக்கடி வர வேண்டும். வலிமை, சாமர்த்தியம், அறிவு, ஞானம் என்று ஆறு கட்டம் போடுவது பழக்கதோஷம். சுரங்க விளையாட்டில் எனக்கு மூன்றுதான் வேண்டியிருந்தது: உடம்பு, கண், வாய். இரண்டு கைகளுக்கு இரண்டு பெட்டி வரைந்தேன். விளக்கைப் பிடிப்பவருக்கு ஒரு கைதான் மிச்சம். "யார் விளக்கைப் பிடிக்கிறது?" என்பதே ஒரு வாக்குவாதமாக மாறியது, அதற்கென்று நான் ஒரு விதியும் எழுதவில்லை.

படி 6: சண்டையை நிமிடத்தில் அளந்து பாருங்கள்

சண்டை விதி எழுதுபவர்கள் சேதத்தை அளப்பார்கள், நேரத்தை அளக்க மாட்டார்கள். ஒரு கணக்கு போடுவோம். எதிரிக்கு 20 ஹிட் பாயின்ட், அதாவது விழுவதற்கு முன் அவ்வளவு சேதம் தாங்குவான். உங்கள் ஆள் அடித்தால் படும் வாய்ப்பு 65 சதவீதம். பட்டால் சேதம் 8 முகப் பகடை + 3, சராசரி 7.5. பெருக்கினால் ஒரு தாக்குதலுக்கு 4.875. நாலு பேர் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு 19.5. எதிரே இப்படிப்பட்டவர்கள் நாலு பேர், மொத்தம் 80 ஹிட் பாயின்ட். நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஒரு சுற்றில் எட்டுப் பேர் ஆட வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் அரை மணி நேரத்துக்கும் மேலாகிறது. மூன்று மணி நேர ஆட்டத்தில் இது ஒரே ஒரு சாதாரணச் சண்டை. அது உங்கள் ஒரு வாக்கியத்துக்குப் பொருந்துகிறதா?

பொருந்தவில்லை என்றால் குறைக்க வழிகள் உண்டு. ஹிட் பாயின்டைக் குறைக்கலாம், படும் வாய்ப்பை ஏற்றலாம், பாதிப் பேர் விழுந்ததும் மிச்சம் பேர் ஓடிவிடுவார்கள் என்று ஒரு வரி எழுதலாம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சண்டையின் சலிப்பான இரண்டாம் பாதி அப்படியே வெட்டுப்பட்டுவிடும். படும் வாய்ப்பை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். 50இல் ஒருவர் தொடர்ந்து மூன்று முறை கோட்டைவிட எட்டில் ஒரு வாய்ப்பு. தன் முறைக்காக ஏழு நிமிடம் காத்திருந்து, உருட்டி, "படலை" என்று கேட்டு, திரும்பவும் ஏழு நிமிடம் காத்திருக்கும் ஆளின் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே புரியும்.

லெவல் ஏறும்போது தாக்குதலும் கவசமும் ஒரே வேகத்தில் ஏறினால் யாரும் எங்கும் போகவில்லை, கூட்டல் மட்டும் கடினமாகிறது. ஐந்தாம் பதிப்பில் தேர்ச்சிக்கான கூட்டல் இருபது லெவலில் +2இலிருந்து +6 வரைதான் ஏறுகிறது. வேண்டுமென்றே போட்ட கடிவாளம் அது.

படி 7: மந்திரம்

மந்திரம் என்பது உங்கள் மற்ற விதிகளுக்கு விதிவிலக்கு. ஆகவே ஒவ்வொரு மந்திரத்தையும் எழுதும்போது, இது எந்த விதியை உடைக்கிறது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பறக்கும் மந்திரம் பாலத்தையும் மதிலையும் ஒழிக்கும். மனதைப் படிக்கும் மந்திரம் துப்பறியும் கதையை ஒழிக்கும். ஐந்தாம் பதிப்பில் வெளிச்சம் தரும் மந்திரம் செலவில்லாதது, எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். அங்கே அது சரி, அந்த விளையாட்டு இருட்டைப் பற்றியதல்ல. அதே மந்திரத்தை யோசிக்காமல் என் சுரங்கத்துக்குள் எடுத்துவந்திருந்தால், கிண்ணமும் பன்னிரண்டு மணியும் முதல் அறையிலேயே அலங்காரப் பொருளாகியிருக்கும். கடைசியில் மந்திரம் எல்லாமே விளக்கின் சுடரிலிருந்து எடுப்பது என்று வைத்தேன். சின்ன மந்திரத்துக்கு ஒரு மணி, பெரியதற்கு மூன்று. மந்திரவாதி கையைக் கிண்ணத்தருகே கொண்டுபோனால் மற்ற மூன்று பேரும் அவரை முறைக்க ஆரம்பித்தார்கள்.

படி 8: எதற்குப் புள்ளி?

தொடக்க கால டன்ஜன்ஸ் & டிராகன்ஸில் ஒரு பொற்காசை மீட்டு வந்தால், லெவல் ஏறுவதற்கான அனுபவப் புள்ளி ஒன்று. அரக்கனைக் கொல்வதற்குக் கிடைத்தது அதற்கு முன்னால் சொற்பம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சண்டையைத் தவிர்த்தார்கள். தூங்கும் டிராகனைத் தாண்டிப் போய்ப் புதையலைத் தூக்கி வருவதுதான் லாபம். பின்னால் வந்த பதிப்புகளில் பெரும்பகுதிப் புள்ளி எதிரிகளை வெல்வதற்கு என்று ஆனபோது, அதே டிராகனை எழுப்பிச் சண்டை போடுவது லாபமானது. ஆட்கள் மாறவில்லை. அதனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என்ன செய்தால் புள்ளி என்பதை உங்கள் ஒரு வாக்கியத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடையதில் மேலே கொண்டுவந்த பொருளுக்கு மட்டும் புள்ளி. கீழே எத்தனை பூதத்தைக் கொன்றாலும் பூஜ்யம்.

படி 9: எழுத்தில் கொண்டுவருவது

கணக்கு ஒன்றாகவே இருந்தாலும் சொல்லும் விதத்தில் விதி வேறாகிவிடும். இதற்கு நல்ல உதாரணம், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் தாக்கோ, அதாவது கவச எண் 0 உள்ளவரை அடிக்க உருட்ட வேண்டிய எண். அதில் கவச எண் குறையக் குறையக் கவசம் வலுவானது, பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். தாக்கோ 20 உள்ளவர் கவசம் 5ஐ அடிக்க 20இலிருந்து 5ஐக் கழித்து 15 உருட்ட வேண்டும். 2000இல் மூன்றாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கியது: கவசம் 15, உருட்டிக் கூட்டி 15ஐத் தொட்டால் பட்டது. இரண்டிலும் வாய்ப்பு அதே 30 சதவீதம். ஒன்று கழித்தல், ஒன்று கூட்டல். மேசையில் கழித்தல் எப்போதும் தோற்கும்.

தமிழில் விதி எழுதுபவர்களுக்கு வேறு சில கண்ணிவெடிகளும் உண்டு. "அடி" என்றால் தூரமா, தாக்குதலா? "அடுத்த அடிக்கு 10 அடி நகரலாம்" என்று ஒரு வரைவில் நானே எழுதியிருந்தேன். "முறை" என்றால் ஒருவர் ஆடும் வாய்ப்பா, எத்தனை தடவை என்பதா, செய்யும் விதமா? ஒரே சொல்லை ஒரே பொருளுக்குக் கட்டிப்போடுங்கள்: சுற்று, முறை, தடவை என்று மூன்றையும் முதல் பக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டு, அழகுக்காகக்கூட மாற்றி எழுதாதீர்கள். "6க்குள்", "6க்குக் கீழ்", "6 வரை", மூன்றிலும் 6 சேருமா என்று நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். "6 அல்லது அதற்குக் குறைவு" என்று நீட்டி எழுதுவதே புத்திசாலித்தனம். "உருட்டலாம்" என்று எழுதினால் உருட்டாமலும் இருக்கலாம். கட்டாயம் என்றால் "உருட்டு" என்று எழுதுங்கள். ஒவ்வொரு பெரிய விதிக்கும் கீழே நாலு வரி உரையாடலாக ஓர் உதாரணம் வையுங்கள். பலர் விதியைப் படிக்காமல் உதாரணத்தைத்தான் படிப்பார்கள்.

பிறர் விதியை எடுத்து ஆள்வது பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு விற்பனைக்கும் பயன்படுத்தலாம். உரிமம் எதுவானாலும் அதன் முழு வாசகத்தைப் படித்துவிட்டே தொடங்குங்கள்.

படி 10: மேசையில் உடைத்துப் பாருங்கள்

முதலில் தனியாக, நாலு ஷீட்டையும் நீங்களே வைத்துக்கொண்டு. பாதி விதிகள் இங்கேயே உதிர்ந்துவிடும், வெளியே சொல்ல வெட்கமாயிருக்கும் தவறுகள் எல்லாம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். பிறகு நண்பர்களோடு, நீங்களே கேம் மாஸ்டராக. மூன்றாவதாக, முகம் தெரியாதவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்காருவது. பெரிய வெளியீடுகள் இதைப் பொதுவெளியிலேயே செய்கின்றன. ஐந்தாம் பதிப்பின் பொதுச் சோதனை 2012இல் தொடங்கியது, புத்தகம் 2014இல் வந்தது. பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டும் 2009இல் புத்தகமாவதற்கு முந்தைய வருடம் பொதுச் சோதனைக்குப் போனது.

இரண்டாவது கட்டத்தில் ஒரு பாடம் படித்தேன். களைப்புக்கு ஆறு படிநிலைகள் கொண்ட ஓர் அட்டவணை வைத்திருந்தேன். எனக்கு அதில் பெருமை. இரண்டு மணி நேர ஆட்டத்தில் ஒருவரும் ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. நான் நினைவுபடுத்தினேன், "ஓ, ஆமால்ல" என்று குறித்துக்கொண்டு மறுபடி மறந்தார்கள். முடிந்ததும் "களைப்பு விதி எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "நல்லா இருந்தது" என்றார்கள், நண்பர்கள் அல்லவா. அன்றிலிருந்து நான் அபிப்பிராயம் கேட்பதில்லை. "எந்த இடத்துல என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னீங்க?" "எந்த விதியை மறந்துட்டு அப்புறம் ஞாபகம் வந்தது?" இவற்றுக்கு முகத்தாட்சண்யமான பதில் சொல்வது கடினம். ஆட்டம் நடக்கும்போது நான் குறிப்பது மூன்றுதான்: புத்தகத்தை எப்போது புரட்டினார்கள், போனை எப்போது எடுத்தார்கள், எப்போது முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சாய்ந்த இடங்கள் எல்லாம் கிண்ணம் சம்பந்தப்பட்டவை. அட்டவணை குப்பைக்குப் போனது.

"இதை இப்படி மாத்துங்க" என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அந்த இடத்தில் உறுத்தியது உண்மை. மருந்தை அவர்கள்தான் எழுதித் தர வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது கட்டத்தில் இரண்டு குழுக்கள், தனித்தனியாக. ஒரு குழு விளையாட்டு மிகவும் கொடூரம் என்றது. நாலாவது அறையைத் தாண்டித் திரும்பும் வழியிலேயே இருட்டில் மாண்டார்கள். இன்னொரு குழு ஏழு அறை உள்ளே போய், சிரமமில்லாமல் திரும்பி வந்து, ரொம்ப சுலபம் என்றது. ஒரே புத்தகம், ஒரே 12 மணி. பகடைக் கணக்கை மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டேன். அறைக்குச் சராசரி ஒன்றரை உருட்டல், அதில் 44 சதவீதம் ஒரு மணியைத் தின்னும், அறைக்கான ஒரு மணியையும் சேர்த்தால் அறைக்கு 1.67. பன்னிரண்டுக்கு ஏழு அறை, சரியாகத்தானே இருக்கிறது? பிறகு குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. நான் எழுதியிருந்த வரி: "புதிதாக ஓர் அறைக்குள் நுழைந்தால் ஒரு மணியை எடு." ஒரு குழு "புதிதாக" என்பதை இதுவரை பார்க்காத அறை என்று படித்திருந்தது. மற்ற குழு, புதிதாக நுழையும் ஒவ்வொரு தடவையும் என்று படித்து, திரும்பும் வழியிலும் அறைக்கு ஒரு மணி எடுத்திருந்தது.

மாண்ட குழு ஆடியதுதான் நல்ல ஆட்டம். திரும்பும் வழிக்கும் எண்ணெய் வேண்டும் என்பதால் மூன்றாவது அறையிலேயே வாக்குவாதம் தொடங்கியிருந்தது. அதனால் அவர்கள் படித்ததையே விதியாக்கினேன்: "எந்த அறைக்குள் நுழைந்தாலும், ஏற்கெனவே போய்வந்த அறையானாலும், ஒரு மணியை எடு." போக வர அறைக்கு 2.67 ஆகிறது. கிண்ணத்தில் மணி 12இலிருந்து 18 ஆனது.